நூதனசாலை திறந்தாச்சு, பஸ் எத்தனை மணிக்கு?

கொரோனாவுக்குப் பிறகு கலை நூதனசாலைகள் என்ன செய்யப்போகின்றன என்று கேட்டால், எல்லாரும் ஸூம், யூடியூப் என்றுதான் தொடங்குகிறார்கள். எனக்கு அந்தக் கதையில் பெரிய நம்பிக்கை இல்லை. கொழும்பில் இருக்கிற இலங்கை நவீன, சமகாலக் கலை நூதனசாலையை வைத்தே சொல்லுறன்.

2019 டிசம்பரில், ஓர் உயரக் கட்டடத்தின் 17ஆம் மாடியில் அது திறந்தது. மூன்று மாதம்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நாடே பூட்டுப்பட, அதுவும் பூட்டுப்பட்டது. பிறகு கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட் ஷொப்பிங் மோலுக்கு இடம் மாறியது. நல்ல வேலை. 17ஆம் மாடிக்கு லிஃப்ட் ஏறிப்போய் ஓவியம் பார்க்கிறவர்கள் ஏற்கெனவே ஓவியம் பார்க்கிறவர்கள்தான். சாப்பிட வந்த ஆள் சும்மா எட்டிப் பார்க்கிற இடம் என்றால் கதை வேறு. (மோலுக்குள் போகவே கூச்சப்படுகிற ஆக்களும் இருக்கினம், அதைப் பிறகு கதைப்பம்.) நுழைவு இலவசம். விளக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன.

ஆனால் அந்த இலவசம் கொழும்புக்காரருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். போக ஓர் இரவு, வர ஓர் இரவு. 2022க்குப் பிறகு பஸ் கட்டணம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இதில் ஒரு பகிடி இருக்கு. நூதனசாலையின் முதல் கண்காட்சி, 1948இலிருந்து இன்றுவரையான இலங்கைக் கலையைப் பற்றியது. 'நூறாயிரம் சின்னக் கதைகள்' என்று பொருள்படும் அதன் ஆங்கிலத் தலைப்பு, சேரனின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்தது. அளவெட்டிக்காரர் ஒருவர் தமிழில் எழுதினது கொழும்பில் சுவரேறிவிட்டது. அளவெட்டிப் பிள்ளை அதைப் பார்க்க இரவு பஸ் பிடிக்க வேணும்.

ஒன்லைனில் பார்க்கலாம்தானே என்பீர்கள். லொக்டவுன் நேரம் மரத்திலும் பாறையிலும் ஏறி சிக்னல் தேடிப் படித்த பிள்ளைகளின் படங்களை நாங்கள்தான் பகிர்ந்தோம். அந்தச் சிக்னல் இப்ப திடீரென்று நல்லா வந்துவிடவில்லை. வந்தாலும், ஆறடி அகல ஓவியத்தை ஆறு அங்குலத் திரையில் பார்க்கும்போது கிடைப்பது அந்த ஓவியத்தைப் பற்றிய தகவல் மட்டும்தான்.

இதற்கொரு விடை கொரோனாவுக்கு முதலே எங்களிடம் இருந்தது. அந்த முதல் கண்காட்சியைத் தொகுத்த ஷர்மினி பெரேரா, 2011இல் தன்னுடைய 'ரேக்கிங் லீவ்ஸ்' பதிப்பகம் மூலம் த. சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு'வை வெளியிட்டார். இடம்பெயர்ந்த சனம், தாங்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த படங்களில் இருந்து உருவானது அது. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரைத் தாங்கிய புத்தகம். கலைப்படைப்பைப் பற்றி எழுதின புத்தகம் என்று நினைக்காதீர்கள், புத்தகமே படைப்பு. பையில் போட்டுக்கொண்டு வவுனியாவுக்கும் போகலாம், மூதூருக்கும் போகலாம். எந்த ஊரடங்கும் அதற்குக் கதவு பூட்டாது. சமகாலக் கலைக்கான ஓர் ஆவணக் காப்பகத்தையும் அவர் யாழ்ப்பாணத்தில்தான் தொடங்கினார். அப்ப வழி தெரியாது என்று சொல்ல ஏலாது.

காசில்லை என்பார்கள். பரீட்சைத் தாள் அச்சடிக்கவே கடதாசி இல்லாமல் போன நாடு, சரி. மூலப் படைப்புகளைக் காப்புறுதி போட்டு லொறியில் ஏற்றச் சொல்லவில்லை. வீடியோ வேலைகள் ஒரு பென்டிரைவில் வரும். புத்தகங்கள், அச்சுப் பிரதிகள் தபாலிலேயே வரும். படைப்பாளிகள் பலர் இங்கேயே இருக்கினம், வந்து நின்று கதைக்க அவர்களுக்கு விமான ரிக்கற் தேவையில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலை வளாகத்திலோ, மட்டக்களப்பில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ வருசத்துக்கு இரண்டு மாதம் ஓர் அறை. அடுத்த கண்காட்சி முதலில் அங்கே திறக்கட்டும், பிறகு கொழும்புக்குப் போகட்டும். கொழும்பு நண்பர்கள் ஒருக்கா இரவு பஸ்ஸில் வாங்கோ. யன்னல் சீற் வேணுமெண்டால் முதலே புக் பண்ணிடுங்கோ.