சாத்தானுக்கு ஒரு வக்காலத்து

பிசாசு என்றால் கெட்டது, இதில் பேச என்ன இருக்கிறது என்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

யோபுவின் கதையைப் பாருங்கள். அங்கே சாத்தான் மற்றத் தேவபுத்திரர்களோடு கடவுளின் சபையிலேயே வந்து நிற்கிறான். எபிரேய மொழியில் அந்தப் பெயருக்கு எதிராளி என்றுதான் பொருள். பலன் கிடைப்பதால்தானே யோபு பக்தனாக இருக்கிறான் என்று கேட்கிறான். அயோக்கியத்தனமான கேள்வியா அது? அதற்கு மேல் அவன் செய்ததெல்லாம் கடவுள் அனுமதித்த அளவுக்குத்தான். யோபுவின் பத்துப் பிள்ளைகளும் செத்த பழியை அவன் ஒருவன் தலையில் எப்படிக் கட்டுவது?

கிரேக்கர்களுக்கு 'டைமோன்' என்பது தேவருக்கும் மனிதருக்கும் இடைப்பட்ட ஓர் ஆவி. தம்மைத் தவறுகளிலிருந்து தடுத்த குரலை சாக்ரடீஸ் அந்தச் சொல்லை ஒட்டித்தான் அழைத்தார். ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின், அந்த இனத்தில் நல்லது ஒன்றுகூடக் கிடையாது என்று தீர்ப்பெழுதிவிட்டார். மந்திரவாதிகள் அதை முழுசாக ஏற்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'சாலமோனின் சிறு திறவுகோல்' 72 ஆவிகளைப் பட்டியல் போடுகிறது. அதில் புவேர் மூலிகையும் தத்துவமும் கற்பிப்பவன். மார்பாஸ் நோயைக் கொடுப்பவன், தீர்ப்பவனும் அவனே.

எல்லாம் கட்டுக்கதை என்பீர்கள். இருக்கட்டும். அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் 1692-இல் நடந்தது கட்டுக்கதையல்ல. இன்னாருடைய உருவம் வந்து என்னைக் கிள்ளுகிறது என்று ஒரு சிறுமி அலறினால், அதுவே சாட்சியம். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். சூனியக்காரிதான் என்று பொய்யாக ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். பொய் சொல்ல மறுத்தவர்கள் செத்தார்கள். சாத்தானைப் பொய்யன் என்று பழித்த ஊரிலே பொய்க்குப் பரிசு! பிசாசு நிரபராதியின் உருவத்திலும் வரக்கூடும், ஆகவே அந்தச் சாட்சியம் போதாது என்று இன்க்ரீஸ் மாதர் என்ற பாதிரியார் அக்டோபரில் எடுத்துச் சொன்னார். அதற்குள் 19 பேரும் போய்விட்டார்கள்.

முழுக்கக் கெட்டவன் ஒருவனைப் படைப்பது கதாசிரியனுக்கு எளிது. வாசகருக்கும் அது சுகம். அவன் கெட்டவனான மாத்திரத்தில் நாமெல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறோம் அல்லவா? அந்தச் சுகத்தை விற்க எனக்கு மனமில்லை.

சாத்தான் நல்லவன் என்று நான் வாதாடவில்லை. அவனையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்கிறேன். விசாரிக்கும் வழக்கம் அற்றுப்போன ஊரில் முதலில் தூக்குமேடை ஏறுகிறவள் பக்கத்து வீட்டுக்காரிதான்.