கரைக்கு உரியவர்களின் வீதி

சென்னை மெரினாவில் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே பட்டினப்பாக்கம் வரை கடலை ஒட்டிச் செல்கிறது லூப் சாலை. அதன் ஒரு பக்கம் மணலும் படகுகளும். மறுபக்கம் நொச்சிக்குப்பம், முள்ளிக்குப்பம், டூமிங்குப்பம் முதலான மீனவர் குடியிருப்புகள். விடியலில் கரையேறும் மீன் அங்கேயே விலைபோகிறது. வலைகள் அங்கேயே உலர்கின்றன, சீர்செய்யப்படுகின்றன. சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலைத் தவிர்க்க நினைக்கும் வாகனங்களும் அதே சாலையில்தான் விரைகின்றன. இந்த இரண்டு பயன்பாடுகளில் எதற்கு முதலிடம் என்ற கேள்விக்கு விடை காண வேண்டிய காலம் இது. கடற்கரையின் வாசலில் மெட்ரோ ரயில் பணி நடக்கும்போதே இதைத் தீர்மானிக்காவிட்டால், தடுப்புகள் அகற்றப்பட்ட மறுநாளே வாகனங்கள் அதைத் தீர்மானித்துவிடும்.

மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தின் நீளம் 118.9 கி.மீ.; மதிப்பீடு ரூ.63,246 கோடி. அதன் மூன்று வழித்தடங்களில் ஒன்று கலங்கரை விளக்கத்தில் தொடங்கி 26.1 கி.மீ. ஓடிப் பூந்தமல்லியை அடைகிறது. கடற்கரையிலிருந்து கோடம்பாக்கம் வரை அது நிலத்தடிப் பாதை. சுரங்கம் தோண்டும் 'ஃபிளமிங்கோ' இயந்திரம் 2023 செப்டம்பரில் கடற்கரையில்தான் இறங்கியது. நிலத்தடி நிலையம் கட்ட, மேலே உள்ள சாலையின் ஒரு பகுதியை அடைத்தே ஆக வேண்டும். மெரினாவை ஒட்டிய காமராசர் சாலையிலும் மயிலாப்பூரிலும் தடுப்புகள் எழுந்ததும் போக்குவரத்து திருப்பிவிடப்பட்டதும் அதனால்தான். பணி பொதுநன்மைக்கானது; அடைப்பில் பிழை காண இடமில்லை. ஆனால் அடைப்பினால் வரும் இழப்பை யார் ஏற்பது, அடைப்பு நீங்கியபின் வீதி எப்படி இருக்க வேண்டும் என்னும் இரண்டையும் பொறியாளர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

முதலில் இழப்பு. சாலை அடைபட்டால் காரில் செல்பவருக்குச் சில நிமிடங்கள் கூடும். நடைபாதையில் சுண்டல் விற்பவருக்கோ, தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கோ, மீன் விற்கும் பெண்ணுக்கோ அன்றைய வருமானமே போகும். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அங்கே எலியட் விரிகுடாவின் பழைய கடல்தடுப்புச் சுவரை மாற்றிக் கட்டியபோது, பயணிகள் வரும் கோடை மாதங்களில் பணியை நிறுத்திவைத்தார்கள். 2014 அக்டோபர் முதல் மாதக்கணக்கில் மூட நேர்ந்த கரையோரக் கடைகளுக்கு 1.5 கோடி டாலர் வரை இழப்பீடு ஒதுக்கினார்கள். வணிக இழப்பும் கட்டுமானச் செலவின் ஒரு பகுதியே என்று ஏற்றதன் விளைவு இது. சென்னையின் திட்ட மதிப்பீடுகளிலும் இதற்கென ஓர் இனம் இருக்க வேண்டும்.

நமது சட்டமும் இதற்கு எதிரானதல்ல. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை இடம் மாற்றுவதற்கு முன் 30 நாள் அறிவிப்பு தரச் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்தக் குழுவின் கருத்தைக் கேட்டபிறகே தடுப்பு எழ வேண்டும்.

அடுத்தது, அடைப்பு நீங்கியபின் வரும் வீதி. மெரினாவின் அகன்ற மணற்பரப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டியதால் அதன் தெற்கே மணல் சேர்ந்து உருவானது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-இல் அங்கே உலாச்சாலை அமைத்தார். அன்றுமுதல் இந்தக் கரையை அழகுபடுத்தும் முயற்சிகள் மீனவர்களோடு உரசியே வந்திருக்கின்றன. 1985-இல் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த அரசு முனைந்தது மோதலாக முற்றியது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரலில் லூப் சாலை மீன் கடைகளால் போக்குவரத்து தடைபடுவதைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றத் தொடங்கியதும் மீனவர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். படகும் வலையும் வைக்கும் தங்கள் இடத்தின் மீதுதான் சாலை வந்தது என்பது அவர்கள் வாதம். பிறகு 2024 ஆகஸ்டில் லூப் சாலையில் ரூ.14.93 கோடியில் 366 கடைகள் கொண்ட நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது.

அங்காடி வரவேற்கத்தக்கது. நிழலும் தண்ணீரும் கழிவுநீர் வடிகாலும் மீன் விற்பவர்களுக்கு நெடுங்காலத் தேவை. ஆனால் மீன்பிடித் தொழில் விற்பனையோடு முடிவதில்லை. படகு கரையேற, வலை விரிக்க, கருவாடு காய, குப்பத்துக்கும் கரைக்கும் இடையே நாள் முழுவதும் போய்வர வெளி வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் அந்தச் சாலையைக் கடந்துதான் மணலுக்குப் போகிறார்கள். அங்காடி கட்டிக் கொடுத்தாயிற்று, இனிச் சாலை வாகனங்களுக்கே என்ற முடிவுக்கு அது வழியாகிவிடக் கூடாது.

லூப் சாலையில் வேகத்தைக் குறைத்தால் சாந்தோம் நெடுஞ்சாலை திணறும் என்பது எதிர்வாதம். கவலை நியாயமானது, முடிவு சரியல்ல. சியாட்டிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 90,000 வாகனங்களைச் சுமந்த கரையோர மேம்பாலம் 2019 ஜனவரி 11-இல் மூடப்பட்டது. அதற்கு மாற்றான சுரங்கச் சாலை திறக்க மூன்று வாரங்கள் இருந்தன. அந்த இடைவெளியில் நகரமே முடங்கும் என்ற அச்சம் பொய்த்தது. மக்கள் பயண நேரத்தை மாற்றினார்கள். பேருந்துக்கும் படகுக்கும் மாறினார்கள். வழி இருக்கும் அளவுக்கு வாகனம் வரும். வழி குறைந்தால் அதில் ஒரு பகுதி வேறு ஏற்பாடு தேடிக்கொள்ளும். சென்னையில் அந்த வேறு ஏற்பாட்டுக்காகத்தான் கோடிகள் செலவிட்டுக் கடற்கரைக்கே மெட்ரோ கொண்டுவரப்படுகிறது. ரயிலும் வேண்டும், கரையோர விரைவுச் சாலையும் வேண்டும் என்றால் ரயிலுக்குச் செலவிட்ட பயனில் பாதி வீணாகும்.

அழகிய மறுவடிவமைப்பும் எளியவர்களைத் தள்ளிவிடக்கூடும் என்பதற்குத் தென்கொரியத் தலைநகர் சியோல் சான்று. 2003-க்கும் 2005-க்கும் இடையே அங்கே ஒரு மேம்பாலச் சாலையை இடித்து, அதன் கீழே புதைந்திருந்த சொங்கேசொன் ஓடையை 5.8 கி.மீ. நீளத்துக்கு மீட்டார்கள். உலகமே பாராட்டியது. ஆனால் அங்கிருந்த தெருவோர வியாபாரிகள் பழைய தொங்தேமுன் விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டார்கள்; சில ஆண்டுகளில் அந்த அரங்கும் இடிக்கப்பட, மீண்டும் இடம் இழந்தார்கள். வீதியைத் திருத்தும்போது அதில் வாழ்ந்தவர்களின் இடத்தையும் வரைபடத்திலேயே உறுதி செய்ய வேண்டும் என்பதே இதன் பாடம்.

எனவே அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வோர் அடைப்பும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் அந்தந்த இடத்திலேயே தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். நாள் தவறினால் ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்க வேண்டும். அடைப்பால் தொழில் இழப்பவருக்குத் திட்ட நிதியிலிருந்தே இழப்பீடு வேண்டும். பணி முடிந்ததும் காமராசர் சாலையில் நடைபாதையும் பேருந்துத் தடமும் முதலில் திரும்ப வேண்டும். லூப் சாலையை, வாகனங்கள் கடந்துபோகும் சாலை என்ற நிலையிலிருந்து விடுவித்து, குடியிருப்பவர்களுக்கும் மீன் வாங்க வருபவர்களுக்கும் கடல் பார்க்க வருபவர்களுக்குமான குறைவேக வீதியாக அறிவிக்க வேண்டும். அதன் வடிவமைப்பு மீனவர் கிராமங்களின் ஒப்புதலோடு வரையப்பட வேண்டும். கரையில் பிழைப்பவர்களுக்கு இடம் உறுதியானபின் மிஞ்சும் அகலமே வாகனங்களுக்கு உரியது.