நள்ளிரவில் அடிக்கும் மணி: வாயை அடைக்கலாமா?

பெரிய கம்பெனி. ஆயிரம் பேருக்கு வேலை. யாருக்கு எப்போது கூட்டம், எந்த அதிகாரிக்கு எப்போது ஓய்வு என்ற விவரமெல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்கு "சர்வர்" என்று பெயர். கம்பெனியின் தபால் ஆபீசும் அதுதான். நாட்காட்டியும் அதுதான்! இந்த வேலையைச் செய்ய மைக்ரோசாப்ட் நிறுவனம் 1996-ம் ஆண்டு வெளியிட்ட மென்பொருள் "எக்ஸ்சேஞ்ச் சர்வர்".

நள்ளிரவு. "நாட்காட்டியை எட்ட முடியவில்லை" என்று எச்சரிக்கை வருகிறது. பராமரிப்பு ஊழியர் விழித்து எழுகிறார். தன் நாட்காட்டியைத் திறக்கிறார். நன்றாகத் திறக்கிறது! "வீண் மணி" என்று அதை நிறுத்திவிட்டுத் தூங்கப் போகிறார்.

இது சரியா? சரி அல்ல!

கதவுகள் இரண்டு

ஊழியர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போனார். அது வீட்டுக்காரர் போகும் கதவு. வெளியார் பார்க்க இன்னொரு கதவு உண்டு. வாடிக்கையாளர் பெயர் சொல்லாமலே, "இவர் எப்போது ஓய்வாக இருப்பார்?" என்று அதன் வழியாகப் பார்க்கலாம். எக்ஸ்சேஞ்ச் 2010-ல் உள்ள "டெஸ்ட் காலண்டர் கனெக்டிவிட்டி" என்ற கட்டளை சோதிப்பது இந்த இரண்டாவது கதவைத்தான்.

வாசல் கதவு பூட்டிக் கிடக்கிறது என்று மணி அடிக்கிறது. கொல்லைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரி" என்று சொன்னால் எப்படி?

மணி ஒன்று, காரணம் பல

சோதனைக்கென்று சர்வரில் ஒரு கற்பனை ஆள் உண்டு. அந்தக் கணக்கு அழிந்து போயிருக்கலாம். கடவுச்சொல் பொருந்தாமல் இருக்கலாம். வெளியாருக்கான கதவை யாரும் திறந்தே வைக்காமல் இருக்கலாம். இவற்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால், வெளி முகவரி தவறாக இருந்தாலும் இதே மணிதான். இணையச் சேவை நின்று போனாலும், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி ஆனாலும் இதே மணிதான்!

சான்றிதழ் சின்ன விஷயம் அல்ல. 3-2-2020 அன்று மைக்ரோசாப்டின் "டீம்ஸ்" சேவை சில மணி நேரம் முடங்கியது. காரணம், ஒரு சான்றிதழைப் புதுப்பிக்க மறந்ததுதான்! 2020 செப்டம்பர் முதல் புதிய சான்றிதழின் ஆயுள் அதிகபட்சம் 398 நாட்களாகக் குறைந்தது. 2026 மார்ச் 15 முதல் அது 200 நாட்கள்தான். இனி மறதிக்கு வாய்ப்பு அதிகம்.

செய்ய வேண்டியது என்ன?

மணி எந்தக் கதவைச் சொல்கிறதோ, அதே கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். கம்பெனிக்கு வெளியே இருந்து பார்க்க வேண்டும். எச்சரிக்கையோடு வரும் பிழைச் செய்தியை முழுதும் படிக்க வேண்டும். காரணம் தெரியாமல் சர்வரை நிறுத்தி, மறுபடி ஓட விடுவதும் தவறு. கோளாறு மறையும், காரணம் அங்கேயே இருக்கும்!

வெளியாருக்கு நாட்காட்டி தேவையே இல்லை என்றால், அந்தச் சோதனையை நிறுத்தலாம். அதை அதிகாரி முடிவு செய்ய வேண்டும். எழுதியும் வைக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஊழியர் முடிவு செய்யக் கூடாது.

"புலி வருது" கதையில் பையன் பொய் சொன்னான். ஊர் நம்ப மறுத்தது. இந்த மணியோ பொய் சொல்லத் தெரியாதது. கதவு திறக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. ஏன் திறக்கவில்லை என்று கண்டுபிடிப்பது மனிதன் வேலை. அந்த வேலைக்குத்தான் சம்பளம்!