சேர்த்துக் கட்டிய வீடு

நம் துறை மாணவர்களைத் தக்கலைக்கு அழைத்துச் சென்றதன் முதல் நோக்கம், தென்காசியில் பிறந்து அங்கு அடக்கமாகியிருக்கும் ஞானக்கவி பீர் முகம்மது அப்பா (ரஹ்) அவர்களின் தர்காவைக் காட்டுவதே. ஆண்டுதோறும் ஓர் இரவு முழுவதும் 'ஞானப்புகழ்ச்சி' பாடப்பெறும் அவ்விடத்தில் ஒருமுறையேனும் நில்லாமல், இசுலாமியத் தமிழிலக்கியத்தை வகுப்பறையில் மட்டும் நடத்துவது எனக்கு நெடுநாளைய மனக்குறை. ஸியாரத் முடிந்தபோது பொழுது மிச்சமிருந்தது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் பத்மநாபபுரம் அரண்மனை, சென்றோம். இம்மலருக்கு அப்பாவைப் பற்றி எழுதவே எண்ணியிருந்தேன். எழுத நேர்ந்ததோ அரண்மனையைப் பற்றி. அதற்குக் காரணம் சங்கரன்கோவிலிலுள்ள எங்கள் பூர்வீக வீடு.

வேளிமலை அடிவாரத்தில் நிற்கும் அவ்வரண்மனை ஒருவர் ஒரே காலத்தில் கட்டி முடித்த மாளிகையன்று. அதன் மிகப் பழைய பகுதி தாய்க் கொட்டாரம். நான்கு புறமும் ஓட்டுக்கூரை சரிந்து நடுமுற்றத்தை நோக்கி இறங்க, முற்றத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தூண்கள் அக்கூரையைத் தாங்கி நிற்கின்றன. பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால் அது அரசன் வீடென்றே தோன்றாது. வசதியுள்ள ஒரு குடியானவர் வீடு போன்றே இருக்கிறது. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் காலத்தில்தான் கல்குளம் என்ற ஊர் பத்மநாபபுரம் ஆயிற்று; வீடும் பெருகிற்று. நான்கு நிலைகளையுடைய உப்பரிகை மாளிகை எழுந்தது. கீழ்நிலையில் கருவூலம், அதற்கு மேலே மன்னரின் படுக்கையறை, உச்சியில் சுவரோவியங்கள் சூழ்ந்த வழிபாட்டறை. தளத்திற்கு இரண்டாயிரவரில் பாதியாக ஆயிரவர் அமர்ந்துண்ணத்தக்க இருதள ஊட்டுப்புரை ஒன்று. கருங்கல்லால் ஆகிய நவராத்திரி மண்டபம் ஒன்று. அயல்நாட்டு விருந்தினர்க்கென உயர்ந்த கதவும் சன்னலுமாக, ஐரோப்பியச் சாயலில் இந்திர விலாசம் ஒன்று. மரமும் கல்லும் ஓடும் காரையும் ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன.

மாணவி ஒருத்தி, "ஐயா, இதில் எது உண்மையான அரண்மனை?" என்று வினவினாள். நல்ல வினா. பழைமையே தூய்மை என்று கொள்வோர், தாய்க் கொட்டாரமே மூலம், ஏனையவை இடைச்செருகல் என்பர். சுவடிப் பதிப்பில் இடைச்செருகலைக் களைந்து பழகிய தமிழாசிரியர்க்கு இவ்வாதம் எளிதில் இனிக்கும். ஆயின் வீடு சுவடியன்று. மன்னர் கூடிய மந்திரசாலையை நீக்கிவிட்டால் அது யாருடைய அரண்மனை? வண்ண அப்பிரகத் தகடுகள் வேனிலின் கடுமையைத் தணிக்கும் அவ்வறையில் நின்றபோது, கரும்பளிங்கு போல் ஒளிரும் தரையைக் குனிந்து தொட்டுப் பார்க்காத மாணவர் இல்லை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியன சேர்த்து இழைத்த தரை என்பர்.

வேறொரு செய்தியையும் அங்கே கண்டேன். இத்தனை சேர்ப்புகள் வந்தும் தாய்க் கொட்டாரத்தின் முற்றத்தை எவரும் மூடவில்லை. புதியது பழையதன் தோளில் ஏறவில்லை, பக்கத்தில் நின்றது. இடைவெளியில் வானம் விடப்பட்டிருந்தது.

மதுரையில் நடந்ததை இதனோடு ஒப்பிடலாம். 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் பெரும்பகுதியை அவர் பேரர் சொக்கநாதரே பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுசென்றார் என்பது வரலாறு. இன்று நிற்பது காற்பங்கு அளவே. அதுவும் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்ததால் எஞ்சியது. பகைவரால் வீழ்ந்த மாளிகைகளினும் வாரிசுகளால் வீழ்ந்தவை மிகுதியோ என்று ஐயுறுகிறேன்.

இனி எங்கள் வீடு. பாட்டனார் கைத்தறி நெய்த காலத்தில் கட்டியது. திண்ணை, தார்சா, பட்டாசாலை, அரங்கு, முற்றம், அடுக்களை, புறவாசல். பட்டாசாலையில் தறிக்குழி இருந்தது. விசைத்தறி வந்தபோது அத்தா அக்குழியைத் தூர்த்துப் புறவாசலில் ஓட்டுக்கொட்டகை ஒன்று இறக்கினார்கள். அதுவும் சேர்ப்புத்தான்; வீட்டுக்கு ஊறு நேரவில்லை. பின்னர்த் தம்பி வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தில் முற்றத்தைக் கான்கிரீட்டால் மூடினோம். மேலே இரண்டு அறைகள் எழுப்பினோம். சுண்ணாம்புச் சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சிட்டோம். இவை அனைத்திற்கும் நானும் இசைந்தேன். வீடு பெரிதாகிறதென்று மகிழவும் செய்தேன்.

சுண்ணாம்புச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விடும். சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடும். சில ஆண்டுகளில் சுவரடியில் உப்புப் பூத்தது. மேலறைகளின் பாரத்தால் அரங்கின் சுவரில் விரிசல் கண்டது. பட்டாசாலையில் இன்று பகலிலும் விளக்கெரிகிறது. வந்து பார்த்த கொத்தனார், "எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்" என்கிறார். உடன்பிறந்தோரில் பெரும்பாலோர் அதற்கே உடன்படுகின்றனர்.

பழையன நீங்குவதும் புதியன சேர்வதும் குற்றமன்று எனப் பவணந்தியார் நன்னூலில் விதித்திருக்கிறாரே என்று எங்கள் வீட்டிலேயே என்னை மடக்கினார்கள். குற்றமன்று என்றுதான் அவர் சொன்னார். கடமை என்று சொல்லவில்லை. மேலும் மொழியில் பழஞ்சொல் தானே தேய்ந்து கழிகிறது. வீட்டிலோ நாம் ஆள்வைத்து இடிக்கிறோம்.

இது எங்கள் குடும்பத்தின் வழக்கு மட்டுமன்று. கடையநல்லூரிலும் புளியங்குடியிலும் இத்தகைய வீடுகள் தெருத்தோறும் மறைந்து வருகின்றன. வீடு இடியும்போது தார்சாவும் அரங்கும் பட்டாசாலையும் சொல்லளவிலும் இடிகின்றன. என் வகுப்பில் 'தார்சா' என்ற சொல்லுக்குப் பொருள் கூறியவர் மூவரே. நம் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டிற்குத் தலைப்புத் தேடி அலைவதற்குப் பதிலாகத் தத்தம் ஊரில் பத்து வீடுகளை அளந்து, படம் வரைந்து, பகுதிப் பெயர்களைப் பாட்டிமாரிடம் கேட்டெழுதினால், அது கல்லூரி நூலகத்தில் வைக்கத்தக்க பணியாகும். ஜமாஅத் பெரியோர்கள் மனம் வைத்தால் வீட்டுக் கதவுகள் அவர்களுக்குத் திறக்கும்.

1956இல் கல்குளம் வட்டம் தமிழகத்தோடு இணைந்தபின்னும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறைப் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. நிலம் ஒருவருடையது, வீட்டைப் பேணுவோர் வேறொருவர்! அங்கே அது நடக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகிய எங்களுக்கு இயலவில்லை. என் வேண்டுகோள் சிறிது: மேலறைகளை இறக்கிவிடுவோம், முற்றத்தைத் திறப்போம், சிமெண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசுவோம்; இடம் போதாதெனில் புறவாசலில் தனியே கட்டிக்கொள்வோம். தம்பி இன்னும் விடை கூறவில்லை. அடுத்த விடுமுறையில் அவர் ஊர் வரும்போது தக்கலைக்கு அழைத்துச் செல்வதாக இருக்கிறேன்.