தியாகராயநகரில் ஜெயித்தது 137 ஓட்டில்! ஓட்டுப் போடாதவர்கள் சுமார் 1 லட்சம் பேர்!

137.

இது பஸ் நம்பர் அல்ல. 2021 சட்டசபை தேர்தலில் சென்னை தியாகராயநகர் தொகுதியில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த ஓட்டு வித்தியாசம்!

தி.மு.க. வேட்பாளர் ஜெ.கருணாநிதி வாங்கியது 56 ஆயிரத்து 35. அ.தி.மு.க. வேட்பாளர் பி.சத்தியநாராயணன் வாங்கியது 55 ஆயிரத்து 898. சாயங்காலம் 6 மணிக்கு பனகல் பார்க் பக்கம் வந்து நிற்கும் இரண்டு டவுன் பஸ்களின் கூட்டத்தை, படிக்கட்டில் தொங்குகிறவர்களையும் சேர்த்து எண்ணினால், இந்த 137 வந்துவிடும்.

அதே தொகுதியில் அன்று ஓட்டுச்சாவடி பக்கமே போகாதவர்கள் சுமார் 1 லட்சம் பேர். ஓட்டு எண்ணும் நாளில் இதே ஆட்கள்தான் டி.வி. முன்னால் உட்கார்ந்து, "யாருப்பா லீடிங்கு?" என்று நகத்தைக் கடித்திருப்பார்கள்!

"நம்ம ஒரு ஓட்டுல என்ன சார் ஆகப் போகுது?" இது டீக்கடையில் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில் 2008-ல் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அவர் அப்போது மாநில காங்கிரஸ் தலைவர். முதல்-மந்திரி ஆவார் என்று பேசப்பட்டவர். கர்நாடகத்தில் சந்தேமரஹள்ளி தொகுதியில் 2004-ல் ஏ.ஆர்.கிருஷ்ணமூர்த்தி தோற்றதும் ஒரே ஓட்டில்தான். ஒரு ஓட்டில் என்ன ஆகும் என்று அந்த இருவரிடம் கேட்டால் தெரியும்.

எல்லாம் ஏமாத்து வேலையா?

இந்த முதல் சாக்காவது சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம். இரண்டாவது சாக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறவர்கள் படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள்.

"எல்லாம் ஏமாத்து வேலை. மெஷின்ல எதுல அமுக்கினாலும் ஒண்ணுக்குத்தான் போகும். நான் எதுக்கு வெயில்ல நிக்கணும்?"

சந்தேகப்படுவது தப்பில்லை. மளிகைக் கடையில் கூட்டல் சரியா என்று பார்க்காமல் யாரும் காசு கொடுப்பதில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் பில்லை வாங்கிப் பார்க்க வேண்டும். பில்லைப் பார்க்காமலே "கடைக்காரன் திருடன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால், அது சந்தேகமா, சாக்கா?

தேர்தலில் அந்த பில் இருக்கிறது. அதுதான் பலருக்குத் தெரியாது.

7 மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி ஓட்டுப்பதிவு நடக்கும். கட்சிகளின் ஏஜெண்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டு போட்டுப் பார்த்து, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டுத்தான் எந்திரத்துக்கு சீல் வைக்கிறார்கள். பிறகு ஓட்டுப் போடும்போது யாருக்கு விழுந்தது என்று 7 வினாடி ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குள் தெரியும். சீட்டில் வேறு சின்னம் தெரிந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் சோதனை ஓட்டு போட்டுப் பார்க்கலாம். பொய்ப் புகார் என்றால் தண்டனை உண்டு.

சாயங்காலம் ஓட்டுப்பதிவு முடிந்ததும் சாவடி அதிகாரி ஒரு தாளை நிரப்புவார். அதன் பெயர் படிவம் 17சி. அந்தச் சாவடியில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்பது அதில் இருக்கும். அதன் நகலை கையெழுத்துப் போட்டு அங்கே இருக்கும் ஏஜெண்டுகளுக்குத் தர வேண்டும் என்பது விதி. ஓட்டு எண்ணும் நாளில் எந்திரம் காட்டும் மொத்தமும் இந்தத் தாளில் உள்ள மொத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஏஜெண்டு பார்க்கலாம்.

அதைப் பார்க்க ஆள் வேண்டும்! பல சாவடிகளில் சிறு கட்சிகளின், சுயேச்சைகளின் ஏஜெண்டு நாற்காலி காலி. பெரிய கட்சிகளின் ஏஜெண்டுகளில்கூட மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்ததும் எழுந்து போகிறவர்கள் உண்டு. கடைசி வரை உட்கார்ந்து 17சி வாங்கி மடித்துப் பையில் வைக்கிற ஆள்தான் அந்தச் சாவடியின் காவல்காரன்.

ஒரே ராத்திரியில் 13 சதவீதம்!

இந்தத் தாளுக்கு என்ன மரியாதை என்பது 2024 பாராளுமன்றத் தேர்தலில் சென்னைக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 19-ந் தேதி ஓட்டுப்பதிவு. அன்று ராத்திரி 7 மணிக்கு அறிவித்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 72.09 சதவீதம். மத்திய சென்னையில் 67 சதவீதத்துக்கும் மேல். "பரவாயில்லையே, சென்னைக்காரனுக்கும் ரோஷம் வந்துடுச்சு" என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் விடிந்தது. மாநிலக் கணக்கு 69.46 என்று இறங்கியது. மத்திய சென்னை 54 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை!

ஒரே ராத்திரியில் 13 சதவீதம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. முதலில் சொன்னது உத்தேசக் கணக்கு. பிறகு சொன்னது சாவடிகளில் இருந்து வந்த கணக்கு. ஆனால் இதை ஊருக்குப் புரிகிற மாதிரி முதலிலேயே சொல்ல வேண்டாமா? உத்தேசத்தை தசமப் புள்ளி போட்டு இரண்டு இலக்கம் வரை சொன்னால், கேட்கிறவன் நிஜம் என்றுதான் நம்புவான். மறுநாள் மாறினால் சந்தேகப்படாமல் என்ன செய்வான்? இங்கே குற்றம் சந்தேகப்பட்டவன் மேல் இல்லை.

உத்தேசம் டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த அதே ராத்திரி, சரியான கணக்கு ஒவ்வொரு ஏஜெண்டின் சட்டைப் பையிலும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. அந்த 17சி கணக்கை சாவடி வாரியாக உடனே வெளியிடச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை கேட்டார்கள். தேர்தல் நடுவில் உத்தரவு போட முடியாது என்று 2024 மே மாதம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கோர்ட்டு சொன்னது சரியோ தப்போ, தேர்தல் கமிஷன் தானாகவே வெளியிடலாமே! ஏஜெண்டுக்குக் கொடுத்த காகிதத்தை ஊருக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

பழைய நாளில் பெட்டி, இப்போது பட்டியல்

சென்னை இதைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறது. 2006 அக்டோபரில் மாநகராட்சித் தேர்தலில் அடிதடி, கள்ள ஓட்டு என்று புகார் குவிந்தது. விவகாரம் ஐகோர்ட்டுக்குப் போய், 2007 பிப்ரவரியில் பல வார்டுகளில் மறுபடியும் தேர்தல் நடந்தது. ராதாகிருஷ்ணன்நகரில் 2017 ஏப்ரலில் நடக்க வேண்டிய இடைத்தேர்தல், பணப்பட்டுவாடா புகாரால் ஓட்டுப்பதிவுக்கு முன்பே ரத்தானது. அந்த வருடம் டிசம்பரில்தான் நடந்தது. இரண்டு தடவையும் யாரோ பார்த்தார்கள், யாரோ புகார் எழுதினார்கள். அதனால்தான் ரத்து, அதனால்தான் மறு தேர்தல்.

புகார் கொடுத்தாலும் நியாயம் ஆமை வேகத்தில் வருவதும் உண்மை. நெல்லை மாவட்டம் ராதாபுரத்தில் 2016-ல் வித்தியாசம் 49 ஓட்டு. தோற்றவர் மு.அப்பாவு. தள்ளுபடி செய்த தபால் ஓட்டுகளை எண்ண வேண்டும் என்று வழக்கு போட்டார். 2019 அக்டோபரில் ஐகோர்ட்டு உத்தரவுப்படி எண்ணினார்கள். முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. அந்தச் சட்டசபையின் ஆயுள் 2021-ல் முடிகிற வரை அந்த எண்ணிக்கை வெளியே வரவில்லை. இப்படி நடந்தால் ஜனங்கள் உதட்டைப் பிதுக்காமல் என்ன செய்வார்கள்?

இப்போது சண்டை பெட்டியில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. சிறப்புத் திருத்தம் நடத்தி 2025 டிசம்பர் 19-ந் தேதி தேர்தல் கமிஷன் வரைவுப் பட்டியலை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 6 கோடியே 41 லட்சமாக இருந்த பெயர்கள் 5 கோடியே 43 லட்சமாகக் குறைந்தன. சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல் நீக்கம்! செத்தவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் என்று காரணம் சொன்னார்கள். இந்தத் திருத்தத்தை எதிர்த்து தி.மு.க. உள்பட பல கட்சிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின.

இதில் இன்னொன்று கவனிக்க வேண்டும். சுமார் 40 லட்சம் பெயர் இருந்த சென்னைப் பட்டியலில் 14 லட்சம் பேர் அந்த முகவரியில் இல்லை என்றால், "சென்னைக்காரன் ஓட்டே போடமாட்டான்" என்று ஒவ்வொரு தேர்தலிலும் விழுந்த திட்டில் ஒரு பங்கு பட்டியலுக்குத்தான் சேர வேண்டும். கண்ணம்மாபேட்டைக்குப் போனவர் எப்படி ஓட்டுச்சாவடிக்கு வருவார்? அதற்காக மொத்தத்தையும் பட்டியல் தலையில் கட்டிவிட முடியாது. 137-ல் தீர்ந்த தொகுதியில் வீட்டில் உட்கார்ந்திருந்த உயிருள்ள ஆட்களும் ஏராளம்.

கடைப் பையனின் ஓட்டு

ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடைகளில், பாத்திரக் கடைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தென் மாவட்டத்துக்காரர்கள். ஓட்டு ஊரில் இருக்கும், வேலை இங்கே இருக்கும். 2024-ல் வெள்ளிக்கிழமை தேர்தல் என்றதும் கிளாம்பாக்கத்தில் ஸ்பெஷல் பஸ் விட்டார்கள். ராத்திரி முழுக்க நின்றுகொண்டே ஊருக்குப் போய் விரலில் மை வைத்துக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கச் சலித்தவர்கள் கொஞ்சம் வெட்கப்படலாம்.

லீவு கிடைக்காதவர்களும் உண்டு. ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்பது சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு. தினக்கூலிக்காரருக்கும் அந்த நாள் கூலி உண்டு. தராத முதலாளிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 500 ரூபாய்! பெரிய கடையில் ஒரு சேலையின் தள்ளுபடிகூட அதைவிட அதிகம். சட்டத்தை எழுதியவர்கள் இந்த 500-ஐ இன்னும் மாற்றாமல் வைத்திருப்பது, பாதி ஷட்டரை மட்டும் இறக்கிவிட்டு வியாபாரம் பார்க்கும் முதலாளிகளுக்கு வசதிதான்.

ஊரில் ஒரு ஓட்டு, இங்கே ஒரு ஓட்டு என்று இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது குற்றம். பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருடம் வரை ஜெயில். எங்கே குடியிருக்கிறாரோ அங்கே ஒன்றுதான். மாற்ற வேண்டுமானால் படிவம் 8. புதிதாகச் சேர்க்க படிவம் 6.

"உங்க ஓட்டை ஏற்கனவே போட்டாச்சு!"

வரிசையில் ஒரு மணி நேரம் நின்று உள்ளே போனால் இப்படிச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பலர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். திரும்ப வேண்டியதில்லை. 49பி விதி இருக்கிறது. தான் யார் என்று சாவடி அதிகாரியிடம் நிரூபித்தால் காகித ஓட்டுச்சீட்டு கொடுப்பார்கள். அதற்கு டெண்டர் ஓட்டு என்று பெயர். தனிக் கவரில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. ஆனால் வித்தியாசம் 1, 49, 137 என்று வந்து வழக்கு கோர்ட்டுக்குப் போனால், கவரில் இருக்கிற அந்தச் சீட்டுக்கு உயிர் வரும். அந்தச் சாவடியில் கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு அதுவே எழுத்து மூலமான சாட்சி. எதிரே நிற்கும் ஆள் நிஜ ஆள்தானா என்று ஏஜெண்டுக்குச் சந்தேகம் வந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். 2 ரூபாய்தான்!

"நிக்கிறவன் எவனும் சரியில்லை" என்பவர்களுக்கும் 2013-லிருந்து நோட்டா பட்டன் இருக்கிறது. அதை அமுக்கவும் சாவடிக்குத்தான் போக வேண்டும்.

சென்னை மாநகராட்சிக்கு 2016 கடைசியிலிருந்து 5 வருடத்துக்கும் மேல் கவுன்சிலரே கிடையாது. "குப்பை அள்ளலை, யார்கிட்ட சொல்றது?" என்று எல்லாத் தெருவிலும் புலம்பினார்கள். 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை, ஒருவழியாகத் தேர்தல் வந்தது. 200 வார்டிலும் சேர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 44 சதவீதம்கூட இல்லை. அடுத்த வருடம் டிசம்பரில் மிக்ஜம் புயல் அடித்து வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, மாடியில் நின்று "எங்கே கவுன்சிலர்?" என்று ஊரே கேட்டது. அந்தக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க 100 பேரில் 56 பேர் போகவில்லை.

பட்டியலில் பெயர் சேர்க்க ஜனவரி 1 வரை காத்திருக்கும் காலம் போய்விட்டது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் 18 வயது நிரம்பினால் போதும். பெயர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள 1950-க்கு ஒரு போன் போடலாம். பெயர் இல்லை என்று ஓட்டுப்பதிவு நாளில் சாவடி வாசலில் கத்துவதற்கு அது எவ்வளவோ மேல். அந்த நாளில் அதிகாரி கையில் இருப்பது அச்சடித்த பட்டியல். அதில் அவரால் ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது.