துண்டும் அனுசரணைச் சான்றிதழும்

"அனுசரணை கிடைத்தவன் பாக்கியசாலி" என்னும் வாசகம் இன்று நம் படித்த இளைஞர் நாவில் மந்திரமாகிவிட்டது. கணிதமும் புள்ளிவிபரவியலும் கற்றவர்கள், பட்டமளிப்பு முடிந்த கையோடு, பிரித்தானியாவிலோ அமெரிக்காவிலோ சுகாதார ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் தமக்கு வேலை வீசா அனுசரணை தருவார் உளரோ எனத் தேடப் புறப்படுகின்றனர். கிடைத்தவரை ஊர் வாழ்த்துகின்றது. கிடையாதவர் தம் திறமையையே நொந்துகொள்கின்றனர். அனுசரணை திறமைக்கு அளிக்கப்படும் பரிசு என்ற இந்நம்பிக்கையை நாம் மறுக்கின்றோம். அது முதலாளிக்கும் அரசுக்கும் இடையே எழுதப்படும் உடன்படிக்கை. அதிலே அடகு வைக்கப்படுவது தொழிலாளியின் இருப்புரிமை.

முதலில், இத்தொழில் எத்தகையது என்பதைக் காண்போம். எந்த மருந்து உயிர் காக்கும், எது காக்காது என்பதை மருத்துவனின் அனுபவம் மாத்திரம் தீர்மானித்த காலம் மலையேறிவிட்டது. 1948 ஆம் ஆண்டில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் பரிசோதனையிலே, எந்தக் காசநோயாளிக்கு மருந்து, எவருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதைத் தற்செயல் ஒதுக்கீட்டின் மூலம் முடிவுசெய்யும் திட்டத்தை வகுத்தவர் ஒஸ்ரின் பிராட்ஃபோர்ட் ஹில். அவர் மருத்துவரல்லர், புள்ளிவிபரவியலாளர். 2020 ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று உலகை உலுக்கியபோது, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் நடத்திய 'ரிக்கவரி' பரிசோதனை, டெக்ஸாமெதசோன் என்னும் மலிவான பழைய மருந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றது என்பதை அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே நிறுவியது. எண்களைக் கொண்டு உயிர் காக்கும் தொழில் இது. உலகம் முழுவதற்கும் பயன் தருவது.

இத்தகைய தொழிலாளியை வரவேற்கும் வாயில் எப்படி இருக்கின்றது?

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டு அமைச்சின் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று 'அனுசரணைச் சான்றிதழ்' வழங்கினாலன்றித் 'திறன்மிகு தொழிலாளர்' வீசா இல்லை. அதற்குரிய பொதுச் சம்பள எல்லை 2024 ஏப்ரலில் 26,200 பவுணிலிருந்து 38,700 பவுணாகவும், 2025 ஜூலையில் 41,700 பவுணாகவும் உயர்த்தப்பட்டது. புதிதாகத் தொழிலில் நுழைவோருக்கும் சில கலாநிதிப் பட்டதாரிகளுக்கும் ஓரளவு தளர்வுண்டு. எனினும் ஆராய்ச்சி உதவியாளரின் சம்பளம் எவ்வளவு என்பதை அறிந்தோர் இவ்வெல்லையின் பொருளையும் அறிவர். சுகாதார மேலதிகக் கட்டணமோ 2024 பெப்ரவரியில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 624 பவுணிலிருந்து 1,035 பவுணாகத் தாவியது. கணவனும் மனைவியுமாக ஐந்தாண்டு வீசாவுக்கு விண்ணப்பிப்போர், இக்கட்டணத்துக்காக மட்டும் 10,350 பவுணை முன்கூட்டியே செலுத்த வேண்டும். உழைக்கத் தொடங்கியபின் வரியும் செலுத்த வேண்டும். அந்நாட்டு நோயாளரைக் காக்கும் ஆராய்ச்சிக்குச் செல்பவன், அந்நாட்டு வைத்தியசாலைக் கதவுக்கு இருமுறை காசு கட்டுகின்றான்!

அமெரிக்காவின் கதை வேறு; கருத்து ஒன்றே. எச்-1பி வீசாவுக்கு ஆண்டுக்கு 65,000, அந்நாட்டில் உயர்பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000 என வரம்புண்டு. பல்கலைக்கழகங்களும் இலாப நோக்கற்ற ஆராய்ச்சி நிறுவனங்களும் அவ்வரம்புக்கு அப்பாற்பட்டவை. ஆகவேதான் சுகாதார ஆராய்ச்சியை நாடிய புள்ளிவிபரவியலாளருக்கு அவை புகலிடமாயின. 2025 செப்டெம்பரிலே, நாட்டுக்கு வெளியிலிருந்து வருவோருக்கான புதிய மனு ஒவ்வொன்றுக்கும் 100,000 டொலர் செலுத்த வேண்டுமென ஜனாதிபதிப் பிரகடனம் வெளிவந்தது. பல்கலைக்கழகங்களுக்கு அதிலே பொது விலக்கு அளிக்கப்படவில்லை. எந்த ஆய்வுகூடம் ஓர் இளம் பட்டதாரிக்காக இத்தொகையைக் கட்டும்?

வாயிலைக் கடந்தவனாவது நிம்மதியாக இருக்கின்றானா? சுகாதார ஆராய்ச்சிப் பதவிகளிற் பெரும்பாலானவை மானியப் பணத்தில் நிற்பவை. இரண்டாண்டு, மூன்றாண்டுக் கால ஒப்பந்தங்கள். மானியம் முடிந்தால் வேலை முடியும். வேலை முடிந்தால், பிரித்தானியாவில் வழமையாக அறுபது நாட்களுள், அமெரிக்காவில் கூடியது அறுபது நாட்களுள், புதிய அனுசரணையாளரைக் கண்டாக வேண்டும். இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். 2025 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஏராளமான ஆய்வு மானியங்களை இடைநடுவில் நிறுத்தின. அங்குள்ள பிரசைக்கு அது வேலையிழப்பு. அனுசரணையில் இருப்பவனுக்கோ அது வீட்டிழப்பும் நாடிழப்புமாகும். குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கும். தந்தை நாட்காட்டியில் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பான். எண்ணுவதுதானே அவன் தொழில்!

இந்நாட்டவராகிய நமக்கு இம்முறை புதியதன்று. நம் மலையகத் தோட்டங்களிலே 'துண்டு' முறை என ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் செல்ல விரும்பிய தொழிலாளி, தன் கடன் எவ்வளவு எனக் குறிக்கும் துண்டைப் பெற்றாக வேண்டும். அக்கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டமே அவனை ஏற்கும். துண்டு இல்லாதவனுக்கு எங்கும் வேலையில்லை. அக்கொடுமை 1921 ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆய்வுகூடத்துக் கணினியின் முன் அமர்ந்திருப்பவனையும் கொழுந்து பறித்த தாயையும் சமப்படுத்த நாம் முனையவில்லை. அவள் பட்ட பட்டினியும் அடியும் இவனுக்கில்லை. ஆயினும் உழைப்பவன் எசமானனை மாற்றும் உரிமையை ஒரு காகிதம் தீர்மானிக்கின்றது என்ற அளவில் இரண்டும் ஒரே விதையின் முளைகளே. அளவுமீறி வேலை வாங்கும் மேலதிகாரியை எதிர்த்து வாய் திறக்க, இக்காகிதத்தை நம்பி வாழ்பவனுக்கு எங்ஙனம் துணிவு வரும்? ஆராய்ச்சி முடிவு நிதி தந்தவருக்குக் கசப்பாக இருப்பினும், "எண்கள் இதைத்தான் சொல்கின்றன" என்று சாதிக்க வேண்டியவன் அவனல்லவா? அவனுடைய அச்சம் அவனை மட்டும் பாதிப்பதன்று. அவன் கணித்த மருந்தை உண்ணும் நோயாளியையும் அது தொடும்.

"யாரும் வற்புறுத்தி அழைக்கவில்லையே; விரும்பித்தானே போகின்றனர்?" என்பர் சிலர். விருப்பம் வெற்றிடத்தில் பிறப்பதில்லை. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை நம் பிள்ளைகளைப் படிப்பித்தது. அதற்கு வரி செலுத்தியவர் கமக்காரரும் கடற்றொழிலாளரும் தோட்டத் தொழிலாளருமே. ஆளாக்கிய செலவு நமது. ஆளைப் பெறுவது அவர்கள். அதற்குமேல் கட்டணமும் அவனிடமே வாங்கப்படுகின்றது. இதனைச் சுதந்திரச் சந்தை என்பார் எண்ணத் தெரியாதவர்.

வெளிநாட்டரசுகளை மட்டும் சாடிவிட்டு நம் அரசைத் தப்பவிடுதல் நேர்மையாகாது. வடமத்திய மாகாணத்திலே 1990களிலிருந்து விவசாயிகளை ஒரு சிறுநீரக நோய் கொன்று வருகின்றது. அதன் காரணம் இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. தண்ணீரா, வெப்பமா, வேளாண் இரசாயனமா என்ற வழக்கைத் தீர்க்க எண்ணறிந்த ஆராய்ச்சியாளர் பலர் வேண்டும். அவர்களுக்கு இங்கே நிரந்தரப் பதவியும் வாழத்தக்க சம்பளமும் வேண்டும். அவற்றைத் தராத அரசு, போகின்றவனைத் தேசத்துரோகி என்று ஏசும் உரிமையை இழந்துவிட்டது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் எரிபொருள் வரிசையில் நின்ற பட்டதாரி விமானச் சீட்டைத் தேடியதில் வியப்பென்ன?

போகும் இளைஞருக்கு நாம் சொல்வது இது: போங்கள், ஆனால் குனிந்து போகாதீர்கள். அனுசரணை உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரித்தானிய அரசே வெளியிடுகின்றது; அதிலே பெயர் இருப்பதனால் மட்டும் வேலை உறுதியாகாது. சான்றிதழுக்குக் காசு கேட்கும் தரகனை நம்பாதீர்கள். அனுசரணைச் சான்றிதழின் செலவை அத்தொழிலாளியிடம் அறவிடுதல் 2024 ஆம் ஆண்டின் இறுதி நாள் முதல் அங்கு தடைசெய்யப்பட்டுள்ளது. ஒப்பந்தம் எத்தனை மாதம், மானியம் எப்போது முடியும் என்பவற்றைக் கையெழுத்திடுமுன் கேளுங்கள். சென்றபின் தொழிற்சங்கத்தில் சேருங்கள்.

நம் கோரிக்கைகள் மூன்று. வசிக்கும் உரிமை முதலாளியின் காகிதத்தில் அன்றி உழைப்பவனின் பெயரில் இருக்க வேண்டும். மானியம் முடிந்தவனுக்கு நாட்கணக்கிலன்றி ஆண்டுக்கணக்கில் அவகாசம் வேண்டும். பிறநாடு படிப்பித்த அறிவாளியைப் பெறும் அரசு, அக்கட்டணத்தை அவன் தலையில் சுமத்தாது, அவனை உருவாக்கிய நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கு ஈடு செய்ய வேண்டும். இவை நடவாத கனவுகள் என்பார்க்கு ஒன்று சொல்வோம். துண்டு ஒழியும் என்று 1900 ஆம் ஆண்டில் சொல்லியிருந்தால் தோட்டத்துரைமார் அதனையும் கனவு என்றே நகைத்திருப்பர்.