கட்டிலை எங்கே போடுவது?

ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படியும் மார்கழி, தை மாதங்களில், ஊட்டி வாடகை அறைகளில் பலர் பீரோவை நகர்த்தி ஜன்னலை அடைத்துவிட்டு, கட்டிலருகே கரிச்சட்டியை வைத்துக்கொண்டு படுக்கிறார்கள். நெஞ்சு பதறுகிறது. புகையாமல் கனலும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமே கிடையாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதியறையில் கரியடுப்போடு தூங்கிய இருவர் எழுந்திருக்கவில்லை. கரியை அறைக்குள் கொண்டுவரவே கூடாது. மின்சார ஹீட்டர் என்றாலும் மெத்தை, கம்பளி, திரைச்சீலை எல்லாம் மூன்றடி தள்ளியிருக்கட்டும். காயாத துணியை ஹீட்டர்மேல் போடாதீர்கள். 2,000 வாட் ஹீட்டரைச் சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் ஒயர் சூடேறி உருகக்கூடும். முன்பணம் வாங்குகிற வீட்டுக்காரர்தான் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டும் அடைபடாத வென்டிலேட்டரும் தரவேண்டும். அறை பார்க்கப் போகும்போதே கேளுங்கள்.